கைப்பேசித் திரை ஒட்டப் பழகுபவர்களுக்கு

இரவு முழுக்க மழை பெய்திருந்தால், மறுநாள் காலை கடைக்கு வரும் முதல் ஆள் எப்படி இருப்பார் என்பது எனக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் அண்ணன் ஒருவர், பூட்ஸில் சேறு காய்வதற்குள் வந்து நிற்பார். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் கைப்பேசி. திரையின் ஒரு மூலை நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருக்கும். "போன மாசம்தான் ஸ்கிரீன் மாத்துனேன் தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு, நேத்து மழையில நனைஞ்சதோட சரி" என்பார். திறந்து பார்த்தால் திரையில் குறை இருக்காது. மாற்றியவர் ஒட்டிய விதம்தான் கோளாறு.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு பழுதுபார்ப்புக் கடை வைத்திருக்கிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த தோட்டத்துப் பிள்ளைகள் அவ்வப்போது வேலை பழக வருவார்கள். திரையைக் கழற்றுவதைக் காணொளி பார்த்தே பாதி கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எந்த ஸ்க்ரூ எங்கே, எந்த கேபிளை முதலில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒட்டுவது மட்டும் தெரியாது, காணொளிகளில் அந்த இடம் பத்து விநாடியில் ஓடிப்போய்விடும். அந்தப் பத்து விநாடியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பசை செய்யும் இரண்டு வேலைகள்

முன்பெல்லாம் கைப்பேசியின் உடலை ஸ்க்ரூவும் கொக்கியும் பிடித்துக்கொண்டிருந்தன. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-இன் பின்மூடியை நகத்தாலேயே திறக்கலாம். மூடியின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுத்தது. இன்று பெரும்பாலான போன்களில் திரையைச் சட்டத்தோடு சேர்த்து வைத்திருப்பது பசை மட்டுமே. திரை விழாமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை, ஈரமும் தூசியும் புகாமல் சுற்றிலும் அடைப்பதும் அதன் வேலை. நாலு மூலையில் நாலு சொட்டு வைத்தால் திரை நிற்கத்தான் செய்யும். அடைப்பு இருக்காது. கடைக்குத் திரும்பி வரும் போன்களில் அதிகம் இப்படி ஒட்டப்பட்டவைதான்.

ஐபி67 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 6 என்றால் தூசி அறவே புகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும். ஐபோன்களில் இந்தத் தரம் 2016-இல் வந்த ஐபோன் 7-இலிருந்து தொடங்குகிறது. ஆனால் அது புதிதாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் போனுக்கான சோதனை. அங்கே இயந்திரம் பசையைக் கோடாக இடுகிறது, அச்சு ஒன்று எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துகிறது. நம்மிடம் இருப்பது கையும், ஒட்டியபின் போனைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையமும். நன்றாக ஒட்டினால் வியர்வை, தூறல், மேசையில் கொட்டிய தேநீர் ஆகியவற்றைத் தடுக்கலாம். "ஆத்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். என் ரசீதில் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

தோட்டப் பகுதியில் இந்த அடைப்பு பட்டணத்தைவிட முக்கியம். சட்டைப் பையில் வியர்வை ஊறுகிறது, அதில் உப்பு. உரம் போடுபவர்களின் கையில் பொட்டாஷ் தூள், அதுவும் உப்புதான். திரையின் ஓரத்தில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் அது ஈரத்தோடு உள்ளே இறங்கி, சில வாரங்களில் கனெக்டரின் ஊசிகள் பச்சை பூத்துவிடும். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து இங்கே வேலை செய்பவர்களுக்கு, பிள்ளையின் முகத்தைப் பார்க்க அந்தப் போனைத் தவிர வேறு வழி இல்லை. வேலையை அவசரமாக முடிக்கத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

எதால் ஒட்டுவது

உங்களுக்குத் தேவையானவை இரண்டே வகை. ஒன்று, அந்தந்த மாடலுக்கென்றே வெட்டி வரும் ஒட்டுப்பட்டை. ஐபோன்களுக்கும் பல சாம்சங் மாடல்களுக்கும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்கிற மாடலுக்கு எப்போதும் இதையே வாங்குங்கள். கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும், வழியாது, பின்னால் திறப்பதும் சுலபம்.

மற்றது ஊசி முனையோடு வரும் குழாய்ப் பசை. பி-7000 நிறமற்றது, டி-7000 கறுப்பு. கறுப்புச் சட்டமுள்ள போனுக்கு டி-7000 போட்டால் ஓரத்தில் ஒளி கசிவது தெரியாது. காய்ந்தபின் இரண்டும் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். போன் கீழே விழும்போது அந்த நெகிழ்வுதான் திரையைக் காப்பாற்றுகிறது. சிறிய குழாய் 10 மலேசிய வெள்ளிக்குள் கிடைக்கும், பல போன்களுக்கு வரும்.

சூப்பர் குளூ வேண்டாம். காய்ந்தால் கண்ணாடி போல் இறுகி, முதல் விழுதலிலேயே வெடித்துவிடும். அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பனி படிந்தது போல் ஆகும், முன்கேமராவின் உட்புறம் உட்பட. தண்ணீர் போல இடுக்குகளில் ஓடிப் புகவும் செய்யும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனை ஹார்டுவேர் கடையில் வாங்கி ஒட்டிய போன்களையும் பார்த்திருக்கிறேன். குழாயைத் திறந்ததும் காடி வாடை அடிக்கிறது என்றால், அது காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடுகிறது என்று பொருள். மூடிய கைப்பேசிக்குள் அந்த அமிலம் செம்பை அரித்துவிடும்.

ஒட்டுவதற்கு முன்: ஏன் தூக்கியது?

பழைய திரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தால், உடனே பசையைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளேயிருந்து ஏதாவது தள்ளுகிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதன் மேல் திரையை ஒட்டி அழுத்துவது ஆபத்து. லித்தியம் பேட்டரியை நசுக்கினால் தீப்பிடிக்கும். பேட்டரி தட்டையாக இருக்கிறதா என்பதைப் பக்கவாட்டில் கண்ணளவில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தலையணை போல் இலேசாக மேடிட்டிருந்தாலும் பேட்டரியை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது சட்டம். மோட்டாரில் போகும்போது பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்த போன்கள் இலேசாக வளைந்திருக்கும். மூலையில் விழுந்தவற்றில் சட்டத்தின் விளிம்பு உள்பக்கம் மடங்கியிருக்கும். பசை இல்லாமல் திரையை வெறுமனே வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் தூக்காமல், ஆடாமல், விரல் வைத்து அழுத்தாமலே உட்கார வேண்டும். உட்காராத திரையைப் பசை உட்கார வைக்காது. இரண்டு நாள் பிடித்து வைத்திருக்கும், மூன்றாம் நாள் விட்டுவிடும்.

சில விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களுக்கும், ஓரம் வளைந்த ஓலெட் திரைகளுக்கும், சட்டத்தோடு சேர்த்தே ஒட்டப்பட்ட திரை விற்பார்கள். விலை கூடுதல்தான். ஆனாலும் புதியவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். வளைந்த ஓலெட்டைக் கையால் சட்டத்தில் ஒட்டுவது அனுபவம் கேட்கும் வேலை, அதன் விளிம்பு அவ்வளவு மென்மையானது.

கேபிளை மாட்டி, ஒட்டாமலே போனை இயக்கி எல்லாவற்றையும் சோதியுங்கள். தொடுதல், நிறம், முன்கேமரா, அழைப்பில் கேட்கும் ஒலி, காதருகே கொண்டு போனால் திரை அணைகிறதா என்பது வரை. சாம்சங்கில் எண் பலகையில் *#0*# அடித்தால் சோதனைப் பட்டியல் திறக்கும். ஒட்டிய பிறகு கோளாறு தெரிந்தால் நல்ல திரையையும் உடைக்க வேண்டி வரலாம்.

துடைப்பது

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். விடியுமுன் கிளம்பிவிடுவார். இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் கத்தியை எடுக்க மாட்டார். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டின் வழியே, பால் பிடிக்கும் மங்குக்கு வராது, பட்டை முழுவதும் பரவி வீணாகும். பட்டையைக் கையால் தடவிப் பார்த்து, காயட்டும் என்று மரத்தடியில் காத்திருப்பார். எட்டு ஒன்பது வயதில் அவரோடு நின்றபோது ஏன் சும்மா நிற்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு புரிந்தது.

ஒட்டும் வேலையில் பாதிக்கு மேல் துடைப்பதுதான். சட்டத்தின் பள்ளத்தில் பழைய பசை கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஒட்டியிருக்கும். அதன் மேல் புதுப்பசை போட்டால் புதுப்பசை பழையதைத்தான் பிடித்துக்கொள்ளும். பழையது சட்டத்தை விட்டுவிட்டால் எல்லாம் போயிற்று. கனமும் இடத்துக்கு இடம் மாறி, திரை ஒரு பக்கம் மேடாக உட்காரும்.

ஹேர் டிரையரால் சட்டத்தை இலேசாகச் சூடாக்குங்கள். பேட்டரி உள்ளேயே இருப்பதால், கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது, ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. பசை இளகியதும் பிளாஸ்டிக் தகட்டால் ஒரு மூலையிலிருந்து உருட்டிக்கொண்டே போங்கள், நூல் போல வரும். வராத துணுக்குகளை இடுக்கியால் எடுங்கள். உலோகக் கத்தியால் சுரண்டினால் சட்டத்தின் பூச்சு போகும், கை தவறினால் கேபிளும் போகும்.

பிறகு 99 விழுக்காடு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் மீதி தண்ணீர், அது எளிதில் காயாது. நூல் உதிராத துணியின் நுனியில் தொட்டு, பள்ளத்தைச் சுற்றி ஒரே திசையில் துடையுங்கள். போனின் மேல் நேராக ஊற்றாதீர்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். திரையின் உள் விளிம்பையும் அதேபோல் துடையுங்கள். புதுத்திரையாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது, அதன் மேலும் கைரேகையும் தூசியும் இருக்கும். துடைத்த பிறகு வெறும் விரல் அந்த இடத்தில் படவே கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது.

இந்த ஆல்கஹால் நெருப்புப் பிடிக்கும். கடையில் சாமிப் படத்துக்கு முன் விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால், அந்த மேசையிலிருந்து எட்டியே வேலை செய்யுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். பி-7000-இன் வாடையும் மூடிய அறையில் தலைவலி தரும்.

துடைத்து முடித்ததும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள், முழுக்கக் காயட்டும்.

ஒட்டுப்பட்டை வைப்பது

பட்டையின் இரு பக்கமும் காப்புத்தாள் இருக்கும். முதலில் எந்தப் பக்கத்தை உரிக்க வேண்டும் என்பதை அதிலுள்ள எண்ணோ வாலோ காட்டும். எப்போதும் சட்டத்தில்தான் முதலில் ஒட்ட வேண்டும். மேல் விளிம்பை ஸ்பீக்கர் துளையோடு பொருத்திவிட்டு, அங்கிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டியது பிறகு சுருங்கி மூலையை விட்டுவிடும். ஒட்டியதும் பிளாஸ்டிக் தகட்டால் சுற்றிலும் அழுத்தித் தேய்த்து, அதன்பின் மேல் தாளை உரியுங்கள்.

அழுத்தி ஒட்டும் பட்டை உடனே முழு வலு பெறாது. 3எம் நிறுவனம் தன் விஹெச்பி வகைப் பட்டைகளுக்குச் சொல்லும் கணக்கு இது: அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் ஏறத்தாழ பாதி வலு, 24 மணி நேரத்தில் 90 விழுக்காடு, 72 மணி நேரத்தில் முழுவதும். கைப்பேசிக்கு வரும் பட்டைகள் வேறு வகை, ஆனாலும் பொறுமை இதற்கும் வேண்டும்.

குழாய்ப் பசை இடுவது

புதியவர்களின் கை நடுங்கும் இடம் இதுதான். முதலில் ஒரு அட்டையில் கோடு போட்டுப் பழகுங்கள். ஊசி முனையைப் பள்ளத்துக்கு நெருக்கமாகச் சாய்த்துப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே மெல்ல அமுக்க வேண்டும். கோடு 1 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். அழுத்தும்போது அது தானாகவே இரண்டு மடங்கு விரியும். பள்ளத்தின் உள்பக்கம் ஒட்டிப் போட்டால் பசை உள்ளே வழியும், வெளிப்பக்கம் போட்டால் சட்டத்தில் வழியும். நடுவிலே போகட்டும்.

கோடு எங்கும் அறக்கூடாது. தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து, அதன் மேல் சிறிது ஏறி முடியுங்கள். மூலைகளில் நின்று நின்று போட்டால் அங்கே குட்டை கட்டும். வேகம் குறையாமல் வளையுங்கள்.

பசை படவே கூடாத இடங்கள் உண்டு. காதில் கேட்கும் ஸ்பீக்கரின் வலை, மைக் துளை, முன்கேமரா, அதன் பக்கத்துச் சென்சார், திரை கேபிள் மடங்கும் இடம் எல்லாம் அதில் சேரும். நீர்தடுப்புப் போன்களில் உள்காற்றும் வெளிக்காற்றும் சமமாகச் சிறிய காற்றுத்துளை ஒன்றும் இருக்கும், அதையும் அடைக்கக்கூடாது. அந்த இடங்களில் கோட்டை மெலிதாக்கி வெளிப்பக்கம் ஒதுக்கிக் கொண்டு போங்கள். எல்சிடி திரையின் பின்னால் ஒளியைப் பரப்பும் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும். பசை அவற்றின் நடுவே கசிந்தால் கறை போலத் தெரியும், பிறகு எடுக்க வழியே இல்லை.

தொடக்க காலத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். பிடிப்பு உறுதியாக இருக்கட்டும் என்று மேல் விளிம்பில் இரட்டைக் கோடு போட்டேன். தோட்டத்தில் மருந்தடிக்கும் அக்கா ஒருவருடைய போன் அது. மறுநாள் வந்து, "தம்பி, பேசுறவங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர மாதிரி கேக்குது" என்றார். ஸ்பீக்கர் வலை முழுவதும் பசை. என் செலவில் ஸ்பீக்கரும் மாற்றி, திரையைத் திறக்கும்போது அது விரிசல் விட்டதால் திரையும் மாற்றிக் கொடுத்தேன். அந்த மாதம் எனக்கு மிகவும் கடினமாகப் போனது. அன்றிலிருந்து மேல் விளிம்பில் கோடு போடும்போது மூச்சைக் கூட அடக்கிக்கொள்வேன்.

கோடு போட்டதும் உடனே மூடாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். பால் மங்கின் ஓரத்தில் பால் தோல் கட்டத் தொடங்குவது போல, பசையின் மேற்புறம் பளபளப்பு குறைந்து இலேசாகப் பிசுபிசுக்கும். அட்டையில் போட்ட கோட்டைத் தொட்டுப் பாருங்கள். விரலை எடுக்கும்போது நூல் இழுத்தால் அதுதான் நேரம். அதற்கு முன் மூடினால் பசை வழுக்கி உள்ளே ஓடும். மிகவும் தாமதித்தால் தோல் தடித்து, ஒட்டாமல் போகும்.

அழுத்தி வைத்துக் காத்திருப்பது

கேபிள் மாட்டியிருப்பதை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேல் விளிம்பை முதலில் பொருத்தி, கீழ் நோக்கிப் புத்தகம் மூடுவது போல் இறக்குங்கள். விளிம்புகளைச் சுற்றி இரு கட்டைவிரலாலும் ஒரே அளவில் அழுத்துங்கள். திரையின் நடுவில் அழுத்த வேண்டாம்.

ஓரத்தில் வழிந்த பசையை உடனே துடைக்கப் போகாதீர்கள். ஈரமாகத் துடைத்தால் கண்ணாடி முழுவதும் இழுபடும், ஆல்கஹால் இடுக்கில் இறங்கிப் புதுப்பசையைக் கரைக்கும். சில மணி நேரம் கழித்து ரப்பர் போல் ஆனதும் விரலால் உருட்டினால் ஒட்டுப்பால் போல உருண்டு வந்துவிடும்.

பிறகு ரப்பர் வளையங்கள். அகலமானதாக நாலைந்து, சம இடைவெளியில் போடுங்கள். வளையத்துக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய துணி இருக்கட்டும். பக்கவாட்டுப் பொத்தான்களின் மேல் வளையம் விழக்கூடாது. விழுந்தால் இரவு முழுக்கப் போன் அணைந்து எழுந்துகொண்டே இருக்கும். கவ்விகள் வைத்திருந்தால் ரப்பர் முனை உள்ளவையாகப் பார்த்து, எதிரெதிராக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மறுபக்கம் தூக்கும். போனைத் தட்டையாகக் கிடத்தி வையுங்கள், வெயிலில் வைக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம்? தொட்டுப் பார்த்தால் பி-7000 சில நிமிடங்களில் காய்ந்தது போல் தெரியும். உள்ளே முழுக்க இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேற வேண்டும், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பசைக்கு வெளியேறும் வழி குறுகல். ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் நான் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விடக் கடினம், வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வதுதான். "சாயங்காலம் கிடைச்சிருமா தம்பி?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். "நாளைக்குப் பசியாறிட்டு வாங்கண்ணே, வளையத்தோட ராத்திரி முழுக்க இருக்கணும்" என்று சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும். இரவல் கொடுக்கப் பழைய போன் ஒன்று கடையில் வைத்திருக்கிறேன். சிம் கார்டை அதில் போட்டுக் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

கொடுக்கும் முன்

வளையத்தை எடுத்தபின் நகத்தை ஓரத்தில் சுற்றி ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக்கூடாது. மெல்லிய தாள் துண்டு ஒன்றை நாலு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். இருட்டில் வெள்ளைத் திரையை முழு ஒளியில் வைத்து ஓரங்களில் ஒளி கசிகிறதா என்றும் பார்க்கலாம்.

காற்றழுத்தமானி உள்ள நீர்தடுப்புப் போன் என்றால் இன்னொரு வழி உண்டு. அழுத்தத்தின் எண்ணைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, திரையின் நடுவில் விரலால் மென்மையாக அழுத்துங்கள். நன்றாக அடைபட்டிருந்தால் உள்ளே காற்று நெருங்கி, எண் சட்டென்று ஏறிப் பிறகு மெல்ல இறங்கும். எண் அசையவே இல்லை என்றால் எங்கோ வழி இருக்கிறது. தண்ணீரில் முக்கிச் சோதிக்காதீர்கள்.

கொடுக்கும்போது, இன்னும் இரண்டு நாளைக்குப் பின்பாக்கெட் வேண்டாம், மழைக்கு ஜிப் பை போதும் என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் பக்கம் வேலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் அந்தப் பையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.

பழகுவதற்கு வாடிக்கையாளர் போனைத் தொட வேண்டாம். எல்லா வீட்டு அலமாரியிலும் செத்த போன் ஒன்றாவது கிடக்கும். சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி, ஒரே போனைப் பத்து முறை திறந்து, துடைத்து, ஒட்டி, மறுநாள் மறுபடி திறந்து பாருங்கள். திறக்கும்போது பசை சட்டத்திலும் திரையிலும் பாதிப் பாதியாகப் பிய்ந்து வந்தால் இரண்டு பக்கமும் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சுத்தமாக உரிந்து வந்தால், அந்தப் பக்கத்தைச் சரியாகத் துடைக்கவில்லை.